பல் இல்லாத இடம்

வீட்டில் எல்லோரும் அவளைச் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் அக்காவின் கணவர். அவர் மாப்பிள்ளையாகி வந்த புதிதில், அவள் வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பதையும், தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து நாலாம் தரம் இழுத்துப் பார்ப்பதையும் கண்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அம்மா முதலில் மருமகனைப் பார்த்து முகம் சுளித்தாள். ஒரு மாதம் போனதும் அம்மாவே “சந்தேகம், சாப்பிட வா” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பகலில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவளுக்குச் சந்தேகம் ஒரு தகுதிதான். மாலையில் வாரத்துக்கு மூன்று நாள் வாகன மின்வேலை வகுப்புக்குப் போனாள். அங்கேயும் மற்ற பத்துப் பேர் ஒரு தரம் பார்த்ததை அவள் இரண்டு தரம் பார்ப்பாள். பார்த்ததை நோட்டில் எழுதுவாள். தேதி, நேரம், என்ன செய்தாள், எங்கே தவறியிருக்கலாம். அந்தக் கடைசிப் பகுதிதான் எப்போதும் நீளமாக இருக்கும்.

கார் அண்ணனுடையது. அவன் கேட் செய்யும் பட்டறையில் வெல்டர். பட்டறையில் மிஞ்சிய சதுரக் குழாய்களை வெட்டி ஒட்டி, வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகையில் மூன்று வருஷமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் உட்காரலாம். எஞ்சின் ஒரு பழைய வேனில் இருந்து வந்தது, சீட்டுகள் ஒரு பஸ்ஸில் இருந்து. கதவு கிடையாது, காலைத் தூக்கிப் போட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நிற்கும் மாமாவுக்கு, அதாவது அந்த அக்கா கணவருக்கு, பிரேக்கும் கார்புரேட்டரும் பொறுப்பு.

ஐந்து மாதத்துக்கு முன்பு அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃபியூல் இன்ஜெக்ஷன் போடலாம், வயரிங் முழுவதையும் நானே செய்கிறேன் என்றாள். கார்புரேட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோல் விடும், இது எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அளந்து தெளிக்கும் என்று விளக்கினாள். புகை கண்ணைக் கரிக்காது. வண்டி ரோட்டில் ஓட அனுமதி கொடுக்கும் பரிசோதனையில் புகைக் கணக்குப் பார்க்கும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம். அண்ணன் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தான், சரி என்றுவிட்டான். மாமா மட்டும் தன் சமையலைக் குறை சொன்னதுபோல இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

நாற்பத்திரண்டு வயர்கள். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நாலு, பொறி விடும் காயில், காற்று, சூடு, புகைக்குழாய் என்று ஆளுக்கொரு சென்சார். எல்லாம் சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில் வந்து சேர வேண்டும். வயர்களை அடையாளம் காண மருந்துக் கடை லேபிளையே ஒட்டினாள். முதல் இன்ஜெக்டர் ‘காலை’, அடுத்தது ‘மதியம்’, பிறகு ‘மாலை’, ‘இரவு’. பெட்ரோல் பம்பு வயருக்கு ‘உணவுக்கு முன்’. மாமா அதைப் படித்துவிட்டு, வண்டியை ஓட்டுவதற்கு டாக்டர் சீட்டு வேண்டுமா என்று கேட்டார்.

வயரில் சேராத ஒரே ஒரு சாமான் பல்சக்கரம். எஞ்சின் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எப்போது பொறி விடுவது என்று பெட்டி முடிவெடுக்கும். அதற்காக எஞ்சினின் முன்பக்கப் புல்லியோடு ஒரு சக்கரம் சேர்ந்து சுற்றும். முப்பத்தாறு பல்லுக்கு இடம். அதில் ஒரு பல் மட்டும் இருக்காது. சக்கரத்தை ஒட்டி நிற்கும் சென்சாரை அந்தப் பொக்கை கடந்ததும், முதல் பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் இவ்வளவு தூரம் என்று பெட்டி கணக்குப் போட்டுக்கொள்ளும். பொக்கை எங்கே வர வேண்டும் என்று அவள் ஒரு தாளில் வரைந்து கொடுத்தாள். அண்ணன் புல்லியையும் சக்கரத்தையும் பட்டறைக்கு எடுத்துப் போய் ஒன்றாக வெல்டு வைத்து வந்து மாட்டினான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாகனப் பரிசோதனை. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி கிடைக்க ஆறு மாதம். ஞாயிறு காலையில் அண்ணன் கணக்கைச் சொல்லிவிட்டான்: நாலு மணிக்குள் எஞ்சின் கிளம்பாவிட்டால் மாமா கார்புரேட்டரை மாட்டுவார். அதற்கு மூன்று மணி நேரம் ஆகும். கார்புரேட்டரைத் தாங்கும் பழைய மேனிஃபோல்டுக் குழாய் உட்கார வேண்டுமென்றால் வயர்க்கட்டு வழியில் நிற்கும், பிரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது, வெட்டித்தான் ஆக வேண்டும். ஐந்து மாத வயரை வெட்டுவது என்பதை அவன் நகம் வெட்டுவதுபோலச் சொன்னான். மாமா அப்போதே கார்புரேட்டரைக் கழுவிச் செய்தித்தாளில் காயவைத்திருந்தார்.

பத்து மணிக்குச் சாவியைத் திருப்பினார்கள். பம்பு சன்னமாக ஓடி நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றியது. இரண்டு சுற்று, மூன்று சுற்று, பிறகு எஞ்சின் காற்றை உள்ளே இழுக்க வேண்டிய குழாய் வழியாகவே ‘பட்’டென்று வெடித்துத் துப்பியது. ரப்பர் குழாய் கழன்று பறந்து மாமாவின் முழங்காலில் அடித்தது. மறுபடி மாட்டிச் சுற்றினார்கள். மறுபடி ‘பட்’.

“வண்டிக்கு இருமல்” என்றார் மாமா. “உங்க கடையில சிரப் இருந்தா ரெண்டு மூடி ஊத்து.”

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் வழக்கம்போல, “என் வயரிங்லதான் ஏதாவது இருக்கும், பாத்துடறேன்” என்றாள். அந்த வார்த்தை வாயை விட்டு வந்ததுதான் தாமதம், வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் வேறு எதையும் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

பத்தரைக்கு மல்டிமீட்டரோடு உட்கார்ந்தாள். ஒரு வயரின் இந்த முனையில் ஒரு முள், அந்த முனையில் ஒரு முள், மீட்டர் ‘பீப்’ என்றால் நோட்டில் ஒரு டிக். நாற்பத்திரண்டும் சரியாக இருந்தன. அவளுக்கு அது பிடிக்கவில்லை. எல்லாம் சரியாக இருப்பது தான் சரியாகப் பார்க்கவில்லை என்பதற்கு அடையாளம் என்று பட்டது. பக்கத்து வயரோடு எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தாள். இல்லை. லேபிள்களைப் பார்க்காமல் பெட்டியில் இருந்து ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துக்கொண்டே போய் மூன்றாம் தரம் பார்த்தாள். காலையிலிருந்து இரவு வரை எல்லா இன்ஜெக்டரும் தன் தன் இடத்தில் இருந்தது. பிளக்கில் பொறி வந்தது. பெட்ரோல் அழுத்தம் சரி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது, பெட்டியோடு இணைத்திருந்த லேப்டாப் திரையில் சுற்று எண்ணிக்கை ஆடாமல் அசையாமல் நின்றது. பெட்டி பொக்கையைப் பார்க்கத்தான் செய்கிறது.

அம்மா கொண்டு வந்து வைத்த தட்டு ஆறிப்போயிருந்தது. எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்பக்கப் படியில் அண்ணனும் மாமாவும் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

“அடுத்த வண்டிக்கு வெளியில ஆள் பாத்துக்கலாம் மாமா” என்றான் அண்ணன். குரலில் கோபம் எதுவும் இல்லை. “அவளுக்கு ஆசை இருக்கு. கை வரல.”

திட்டியிருந்தால் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள். இரக்கப்பட்டுச் சொன்னதுதான் சுருக்கென்றது. கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். மூன்று வரிசை டிக். ஒவ்வொரு வரிசையிலும் நாற்பத்திரண்டு. இந்தக் கைதான் போட்டது. கை வரவில்லை என்றால் இது என்ன?

கொட்டகைக்குத் திரும்பி வந்து நோட்டில் ‘வயரிங்கில் தப்பு இல்லை’ என்று எழுதினாள். எழுதியதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது, யாரோ மூன்றாம் ஆளின் கையெழுத்துபோல. ஆனால் எழுதிய பிறகு அடுத்த வரி தானாக வந்தது. வயரில் தப்பு இல்லையென்றால் நான் எதைப் பார்க்கவில்லை? மூன்று தரம் பார்த்ததெல்லாம் அவள் செய்த வேலை. அவள் செய்யாத வேலையை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. வீடெல்லாம் சந்தேகம் என்று பெயர் வாங்கியவள், இத்தனை நாளில் தன்னைத் தவிர ஒருவரையும் சந்தேகப்பட்டதில்லை.

அவள் செய்யாத வேலை ஒன்றுதான் இருந்தது.

பிளக்குகளைக் கழற்றினாள். முதல் ஓட்டையில் நீளமான ஸ்குரூடிரைவரை விட்டு, புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி மெல்லத் திருப்பினாள். ஸ்குரூடிரைவர் ஏறி ஏறி உச்சியில் நின்றது. தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். சென்சார் பல்சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தது. அவள் வரைந்தபடி, முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பொக்கை சென்சாருக்கு வலப்பக்கம் ஆறு பல் தள்ளி இருக்க வேண்டும். ஆறு பல் தள்ளித்தான் இருந்தது. ஆனால் இடப்பக்கம்.

உடனே தன் மேலேயே சந்தேகம் வந்தது. மல்லாந்து படுத்திருக்கிறோம், இடம் வலம் மாறித் தெரிகிறதோ? எழுந்து காருக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தாள். இடது. செல்போனில் படம் எடுத்துப் பார்த்தாள். இடது. கடைசியில் பேனாவால் இடது உள்ளங்கையில் ‘இடது’ என்று எழுதிக்கொண்டு, அந்தக் கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பொக்கை அந்தக் கைப்பக்கமே இருந்தது.

அப்படியானால், வலப்பக்கமாகச் சுற்றும் சக்கரத்தில், பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே சென்சாரைக் கடக்க வேண்டிய பொக்கை, உச்சியைத் தாண்டிய பிறகுதான் கடக்கிறது. பெட்டி தனக்குச் சொன்னதை நம்பி, எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கிற நேரத்தில் பொறியை விடுகிறது. இருமாமல் என்ன செய்யும்?

சரி செய்வது மிகச் சுலபம். சக்கரத்தைத் தொடவே வேண்டாம். பொக்கையில் இருந்து உச்சி வரைக்கும் ஆறு பல், அதாவது அறுபது டிகிரி என்று லேப்டாப்பில் போட்டிருந்தாள். முந்நூற்று அறுபதில் அறுபது போனால் முந்நூறு. அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும். மணி மூன்றரை. மாற்றிவிட்டுக் கூப்பிட்டால் வண்டி கிளம்பும். கண்டுபிடித்துவிட்டாளே என்று தட்டிக்கொடுப்பார்கள். எந்த வயர் என்று கேட்பார்கள். ஏதாவது ஒரு வயரைக் கைகாட்டலாம். அண்ணனுக்குப் பரிசோதனை, மாமாவுக்குக் கிண்டல், அவளுக்கு வழக்கமான இடம்.

விரல் பொத்தான் மேல் இருந்தது. லேப்டாப்பை மூடினாள். பின்பக்கம் போய், “ரெண்டு பேரும் வாங்க” என்றாள்.

வந்தவர்களிடம், ஒரு எண்ணை மாற்றினால் எஞ்சின் ஓடும், ஆனால் மாற்றுவதற்கு முன்னால் நீங்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். ஓடும் என்றால் ஓட்ட வேண்டியதுதானே, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றான் அண்ணன்.

“நீ வெச்ச சக்கரம்.”

அவன் சிரித்தான். அவள் வரைந்த மாதிரியே, அச்சு பிசகாமல் வைத்ததாகச் சொன்னான். வேண்டுமானால் தாளைக் கொண்டு வா என்றான். பதினோரு வருஷமாக வெல்டு வைக்கிறவனுக்கு ஒரு சக்கரத்தை ஒட்டத் தெரியாதா என்று மாமா எடுத்துக் கொடுத்தார்.

“வெல்டு நல்லா இருக்கு மாமா. இடம்தான் தப்பு.”

“காலையில உன் வயரிங்ல தப்புன்ன. இப்போ அவன் சக்கரத்துல தப்புங்கற. நாலு மணிக்கு என் கார்புரேட்டர்ல தப்புன்னு சொல்லுவ” என்றார் மாமா. வயர் வெட்டும் கட்டர் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. நேரத்தைப் பார்த்துக்கொண்டே வயர்க்கட்டுக்குக் கிட்டே போனார்.

அவள் குறுக்கே நின்றாள். இதுவரை அவருக்குக் குறுக்கே நின்றதில்லை; நின்ற பிறகுதான் அவர் தன்னைவிட உயரம் குறைவு என்று தெரிந்தது. ஸ்குரூடிரைவரை அவருடைய மற்றக் கையில் திணித்தாள்.

“காலையில சொன்னது தப்பு. பாக்காம சொன்னேன். இப்போ பாத்துட்டுச் சொல்றேன். வெட்டறதுன்னா வெட்டுங்க, ஆனா அதுக்கு முன்னாடி இத அந்த ஓட்டையில விட்டுப் பிடிங்க. என் பேச்சை நம்ப வேண்டாம். உங்க கையை நம்புங்க.”

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தோளைக் குலுக்கினான். வேறு வழியில்லாமல் மாமா ஸ்குரூடிரைவரை ஓட்டையில் விட்டார். அவள் ஸ்பேனரைத் திருப்பினாள்.

“ஏறுது” என்றார். “ஏறுது. இரு, இரு. நின்னுடுச்சு. இதான் உச்சி.”

“அண்ணா, முன்னாடி வந்து குனிஞ்சு பாரு.”

அவன் பாக்கெட்டில் இருந்து முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து உள்ளே விட்டுப் பார்க்கப் போனான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடியில் இடம் வலம் மாறும், கண்ணால் பார் என்றாள். அவன் ரேடியேட்டரின் மேல் வயிறு அழுந்தக் குனிந்தான்.

“சென்சார்ல இருந்து பொக்கை வரைக்கும் எண்ணு.”

முணுமுணுத்துக்கொண்டே எண்ணினான். ஆறு.

“எந்தப் பக்கம்?”

டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் போனது. அவள் இன்னொரு தரம் கேட்கவில்லை, தாளை மட்டும் அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“இடது” என்றான் கடைசியில். “தாள்ல வலது.”

நிமிர்ந்து புல்லியைப் பார்த்தான். பிறகு கையைக் காற்றில் ஒரு தரம் கவிழ்த்தான், மறுபடி நிமிர்த்தினான். பட்டறை மேசையில் புல்லி நேராக உட்காரவில்லை, நடுவில் மேடாக இருந்தது, அதனால் கவிழ்த்துப் போட்டுத்தான் வெல்டு வைத்தேன் என்றான். கவிழ்த்துப் போட்டு, தாளில் இருந்ததுபோல வலப்பக்கம் ஆறு பல் எண்ணியிருக்கிறான். நிமிர்த்தி மாட்டியதும் அது இடப்பக்கமாகிவிட்டது.

“யாரா இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பாங்க” என்றார் மாமா.

“அப்போ தப்பு என்னுதா?” என்று கேட்டான் அண்ணன். மாமாவைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டான்.

அவள் யோசித்துப் பார்த்தாள். அவசரப்பட்டு ஒரு பதிலைச் சொல்லிவிடக் கூடாது என்று தாளையும் ஒரு தரம் பார்த்தாள்.

“பாதி. எந்தப் பக்கத்துல இருந்து பாத்து வரைஞ்சேன்னு நான் தாள்ல எழுதல. அந்தப் பாதி என்னுது. நீ கவுத்துப் போட்டதும் கேட்டிருக்கணும், மாட்டினப்பறம் ஒரு தரம் பாத்திருக்கணும். அந்தப் பாதிய நான் எடுத்துக்க மாட்டேன்.”

“எதுக்கு இந்தப் பங்கு பிரிக்கிற வேலை, ஒரே வீடுதானே” என்று மாமா சமாதானமாக இழுத்தார்.

“என் வயரை வெட்ட வந்தப்போ ஒரே வீடுன்னு உங்களுக்குத் தோணல மாமா.”

மாமா கட்டரைச் செய்தித்தாளில் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிளக்குகளை மாட்டினார்கள். லேப்டாப்பில் அறுபதை அழித்து முந்நூறு போட்டாள். சாவியை அவளே திருப்பினாள். ஸ்டார்ட்டர் ஒன்றரைச் சுற்றுகூடச் சுற்றியிருக்காது, எஞ்சின் பற்றிக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. முதலில் படபடவென்று உயர்ந்து, சூடு ஏற ஏறத் தானாக இறங்கி ஓர் இடத்தில் நின்றது. திரையில் நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று. புகைக்குழாய்க்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்தாள். வெறும் சூடான ஈரக் காற்று.

மாமா எஞ்சினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கடைசியில் பார்த்தால் கம்ப்யூட்டரில்தானே கோளாறு, எண்ணை மாற்றியதும் ஓடுகிறதே என்றார். அவள் விடவில்லை. சரியாக இருந்த எண்ணைத் தப்பாக இருந்த சக்கரத்துக்குத் தகுந்தபடி மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான் என்றாள். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம், இன்னும் உரக்கச் சொன்னாள்.

சத்தம் கேட்டு அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். ஓடும் எஞ்சினைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஓடிடுச்சா? கடைசியில எந்த வயருடி?”

கேள்வி அவளுக்குத்தான் வந்தது. மாமா எங்கேயோ பார்த்தார். அண்ணன் கந்தல் துணியில் கையைத் துடைத்தான், சுத்தமாக இருந்த விரலையும் துடைத்தான். ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் சுலபமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வயர் இல்லம்மா” என்றான் அவன்.

“பின்னே?”

எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவனுக்கு உதவவில்லை. அவன் சக்கரத்தில் தொடங்கி, கவிழ்த்துப் போட்டது வரை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.